சொறி பட்டால் மணலைத் தேய்க்காதீர்கள்

 

சென்ற பெருநாள் விடுமுறையில், கரை ஒதுங்கிக் கிடந்த சொறியை ஒரு சிறுவன் கையில் எடுத்தான். "செத்ததுதானே" என்று பெரியவர்களும் விட்டுவிட்டார்கள். சற்று நேரத்தில் கை சிவந்து தடித்து, பிள்ளை அலறினான். ஒருவர் மணலைத் தேய்த்தார். ஒருவர் குடிதண்ணீரை ஊற்றினார். எரிச்சல் கூடியது. காரணம் என்ன?

ஜெல்லி மீன் எனப்படும் சொறிக்கு எலும்பும் இல்லை, மூளையும் இல்லை. அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் பைகள் ஏராளம். ஒவ்வொரு பைக்குள்ளும் நஞ்சும், சுருண்ட நுண்குழலும் உள்ளன. ஏதாவது உரசினால் குழல் ஊசிபோலப் பாயும். சொறிக்கு உறவான ஹைட்ராவில் அளந்தபோது, ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அது பாய்ந்தது. இதற்கு உயிர் வேண்டியதில்லை. செத்த சொறியும் அறுந்த இழையும் கொட்டும். தேய்த்தாலும், நல்ல தண்ணீர் பட்டாலும், மிச்சமுள்ள பைகளும் வெடிக்கும்.

நன்னீரிலும் சொறி உண்டு. சீனாவைத் தாயகமாகக் கொண்ட, காசளவே உள்ள ஒரு வகையை 1880-ல் லண்டன் பூங்காவொன்றின் அல்லித் தொட்டியில் கண்டார்கள். அதற்கும் கொட்டும் பைகள் உண்டு. ஆனால் பொதுவாக மனிதத் தோலைத் துளைக்கும் வலு இல்லை. கடல் சொறிகள் பலவற்றுக்கு அந்த வலு உண்டு.

பட்டுவிட்டால் செய்யவேண்டியவை:

1. உடனே தண்ணீரைவிட்டு வெளியே வரவும்.
2. கடல்நீரால் கழுவவும். ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுக்கவும், வெறுங்கையால் தொடவேண்டாம்.
3. நஞ்சிலுள்ள புரதங்கள் சூட்டில் வலுவிழக்கும். தோல் வெந்துவிடாத, பொறுக்கக்கூடிய வெந்நீரில் (சுமார் 45 டிகிரி) 20 முதல் 40 நிமிடம் வைக்கவும். பெரியவர் கைவிட்டுப் பார்த்த பிறகே பிள்ளையின் கையை வைக்கவேண்டும்.
4. சிறுநீர் ஊற்றும் வழக்கத்தை விடுங்கள். அது நஜீஸ், மருந்தும் அல்ல.

மூச்சுத்திணறல், மயக்கம், முகவீக்கம், நெஞ்சுவலி வந்தால் தாமதியாமல் 108-ஐ அழைக்கவும். முன்பு ஒருமுறை பட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். கடல் சொறியின் நஞ்சில் தொடங்கிய ஆய்வில்தான், முதல்முறை தாங்கிய நஞ்சு மறுமுறை சிறிதளவிலேயே உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை பிரெஞ்சு அறிஞர் ரிஷே கண்டறிந்தார். அதற்காக 1913-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முத்துக்குளித்த கடலோரம் நம்முடையது. கடலைவிட்டு விலகி வாழமுடியாது. அஸருக்குப் பின் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். "கண்ணாடிபோல் கிடப்பதைத் தொடாதே" என்று முதலில் சொல்லிக்கொடுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.