குடும்பமாக மண் பிசைதல்
மட்பாண்ட வகுப்புக்குப் போக நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

வளவைத் துப்புரவாக்கும்போது மண்வெட்டியில் முதலில் தட்டுப்படுவது பெரும்பாலும் சட்டி ஓடுதான். கதவு நிலை கறையானுக்குப் போயிருக்கும். கூரைத் தகரத்தை யாரோ கழற்றியிருப்பார்கள். கிணறு தூர்ந்திருக்கும். ஆனால் அடுப்படி இருந்த இடத்தில் பானையின் விளிம்பும் கரி படிந்த அடித்துண்டும் அப்படியே கிடக்கும். 2006இல் சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடாப் பக்கங்களிலிருந்து எழும்பி, கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் ஏறக்குறைய பத்து வருடம் இருந்துவிட்டு, 2015, 2016இல் காணி விடுவிக்கப்பட்டபின் திரும்பிய குடும்பங்கள் பலவும் இதைச் சொல்லியிருக்கின்றன.

அந்த ஓட்டை எறிந்துவிடாதீர்கள். இந்தப் பாடத்தின் நடுவில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

இப்போது ஏன் இது?

"மலசலகூடம் இன்னும் கட்டி முடியவில்லை, அதற்குள் சட்டி செய்யச் சொல்கிறீர்களா?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. மட்பாண்ட வகுப்பு வீட்டுத் திட்டத்துக்கோ குடிதண்ணீருக்கோ ஈடாகாது. உங்கள் பெயர் பயனாளிகள் பட்டியலில் விடுபட்டிருந்தால் முதலில் கிராம உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். வகுப்பு அடுத்த மாதமும் நடக்கும்.

ஆனாலும் ஒரு காரணம் உண்டு. முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊர் என்பது பெரியவர்கள் சொன்ன கதை மட்டுமே. அவர்கள் கண்ட சமையல் அலுமினியப் பாத்திரத்தில், நிவாரணப் பொதியோடு வந்த பாத்திரத்தில் நடந்தது. ஊருக்கு வந்தபின் தாய் தகப்பன் காணிப் பத்திரம், கூலி வேலை, வேலி என்று ஓடுகிறார்கள். பிள்ளைகள் ஒரு பக்கம், வயதானவர்கள் ஒரு பக்கம். எல்லோரும் ஒரே பாயில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து, கையால் ஒரே வேலையைச் செய்வதற்கு இந்த வகுப்பு ஒரு சாட்டு. பேச விரும்பாதவர்கள் பேசவேண்டியதில்லை. மண் பிசையும்போது யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

ஊருக்கும் இது புதியதல்ல. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் எருமைத் தயிரைச் சட்டியில்லாமல் நினைக்க முடியுமா? மண்சட்டியின் சுவர் தயிரின் நீரை மெல்ல உறிஞ்சுகிறது; அந்த நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிச் சட்டியைக் குளிர்த்துகிறது. தயிர் கெட்டியாக நிற்பதில் அதற்கும் பங்குண்டு. இன்னும் பின்னால் போனால், வெருகலுக்குத் தெற்கே கதிரவெளியில் பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. தீவின் மறுகரையில், புத்தளம் பக்கத்துப் பொம்பரிப்பில், அக்காலத்தவர்கள் இறந்தவர்களை மண் தாழிகளில் அடக்கம் செய்திருந்தார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் தாழியின் கதையைக் கேட்ட பிறகு அவர்கள் பானைக்குள் எட்டிப் பார்க்கப் பயந்தால் நாங்கள் பொறுப்பல்ல!

களிமண்: நீங்களாகத் தோண்ட வேண்டாம்

இந்தப் பாடத்தில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பீர்களானால் இதை வாசியுங்கள்.

வகுப்பில் ஆர்வம் வந்ததும் பிள்ளைகள் செய்யும் முதல் வேலை, களிமண் தேடிப் போவது. குளக்கரை, வயல் வரம்பு, ஆற்றோரம், பழைய மண் அணை என்று நல்ல களி கிடைக்கும் இடங்களெல்லாம் யாரும் பத்து வருடமாகக் காலடி வைக்காத இடங்களாகவும் இருக்கலாம். மிதிவெடி அகற்றப்பட்டது என்று உறுதி செய்யப்படாத காணியில் ஒரு மண்வெட்டி வெட்டுக்கூட வெட்டக் கூடாது. சிவப்பு எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதால் இடம் பாதுகாப்பானது என்று எடுக்க வேண்டாம்; பலகை விழுந்திருக்கலாம், விறகுக்குப் போயிருக்கலாம். துருப்பிடித்த இரும்பு, விளங்காத பிளாஸ்ரிக் மூடி, வயர் எதைக் கண்டாலும் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி வந்து, கிராம உத்தியோகத்தருக்கோ 119 இலக்கத்தில் பொலிஸாருக்கோ அறிவியுங்கள். வளவில் ஓடு பொறுக்குவதற்கும் இதே விதிதான்.

வகுப்புக்கு வேண்டிய களியைப் பயிற்றுநரே கொண்டுவருவார். பிறகு வீட்டில் செய்து பார்க்க விரும்பினால், ஏற்கெனவே மட்பாண்டமோ செங்கலோ செய்பவர்களிடம் ஓர் உரப்பை களி வாங்குங்கள். விற்பனைக்காகப் பெருமளவில் மண் அகழ்வதானால் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. அதைப் பற்றி மூதூர் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

கையில் வெட்டுக்காயம் இருப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் ஈரக் களியைக் கையுறையோடு தொடுவது நல்லது. சேற்றுத் தண்ணீரால் எலிக்காய்ச்சல் மட்டுமல்ல, வேறு தொற்றும் வரும். காய்ந்த மண்தூளைக் கூட்டிப் பறக்கவிடாமல் ஈரத் துணியால் துடையுங்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது.

களியைப் பழக்குதல்

கட்டியை உடைத்து வாளியில் இரண்டு நாள் ஊறவிட்டு, கூழாகக் கரைத்து, பழைய நுளம்பு வலையால் வடிக்க வேண்டும். கல்லும் வேரும் போய்விடும். எங்கள் கரையோர மண்ணில் இன்னொரு எதிரியும் இருக்கிறது: சிப்பித் துண்டு. சூட்டில் சிப்பி சுண்ணாம்பாகிவிடும். சுட்டு முடித்துச் சில நாள் சென்றபின் அது காற்றின் ஈரத்தை இழுத்து ஊதிப் பெருக்கும். சட்டிச் சுவரிலிருந்து ஒரு சில்லு தெறித்து விழும். "நல்லாத்தானே இருந்தது, ஏன் உடைஞ்சது?" என்று கேட்பவர்களுக்குப் பல தடவை இதுதான் பதில். அதனால் கடற்கரை மணலையும் கலக்க வேண்டாம். ஆற்று மணல் நல்லது.

வடித்த கூழைச் சாரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, கையில் ஒட்டாத பதம் வந்ததும் பிசையுங்கள். பதம் பார்க்கப் பென்சில் பருமனில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் களி தயார். வெடித்தால் மணல் கூடிவிட்டது.

இனி அந்த ஓடு. பழைய சட்டி ஓட்டை உரலில் இடித்து, அரித்து, மணல் போன்ற தூளாக எடுத்து, பத்துக் கை களிக்கு ஒரு கை, மிஞ்சினால் இரண்டு கை சேர்த்துப் பிசைவார்கள். அது ஏற்கெனவே சுட்ட மண் ஆதலால் மறுபடி சுருங்காது. புதுக் களி காயும்போது சுருங்கி வெடிப்பதை அது குறைக்கிறது. சூட்டில் நீராவி வெளியேற வழி விடுகிறது. அடுப்புச் சூட்டைத் தாங்கவும் உதவுகிறது. பளபளப்புப் பூசிய பீங்கான் துண்டும் தரை ஓடும் இதற்கு உதவாது. ஒரு குடும்பம் தங்கள் வளவிலேயே எடுத்த ஓட்டை இடித்துச் சேர்த்தது. அந்த வீட்டுத் தாய் இடிக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு விளிம்புத் துண்டை மட்டும் இடிக்க விடாமல் எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

முதல் நாள்

முதல் வகுப்பிலேயே சக்கரத்தில் கை வைக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். சக்கரத்தில் களியை நடுவுக்குக் கொண்டுவரப் பழகவே பலருக்குக் கிழமைக்கணக்கு ஆகும். தொடக்கம் கையால்தான். சிறியவர்கள் ஓர் எலுமிச்சங்காய் அளவு உருண்டையை உள்ளங்கையில் வைத்து, பெருவிரலால் நடுவில் குழி செய்து, சுற்றிச் சுற்றிக் கிள்ளிச் சிட்டி விளக்கோ சின்னக் கிண்ணமோ செய்யலாம். பெரியவர்கள் திரி உருட்டி வளையமாக அடுக்கிச் சட்டி எழுப்பலாம். ஒவ்வொரு வளையத்தையும் வைக்குமுன் கீழ் வளையத்தைக் குச்சியால் கீறி, களிக்குழம்பு தடவி, உள்ளும் புறமும் விரலால் இழுத்து மூடவேண்டும். அதைச் செய்யாத சட்டி காயும்போது வளையம் வளையமாகவே கழன்று வரும். சுவர் எங்கும் சுண்டுவிரல் பருமனுக்கு மேல் போக வேண்டாம். வழிப்பதற்குச் சிரட்டைத் துண்டைவிட நல்ல கருவி கடையில் இல்லை.

ஒரு வகுப்பில் ஓர் அம்மம்மா மேசையில் செய்ய மறுத்துவிட்டார். பாயில் இருந்து, உடைந்த பானையின் அடிப்பகுதி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் களியை வைத்து, கால் பெருவிரலால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே சுவரை எழுப்பினார். பயிற்றுநர் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முகாமில் பிறந்த பேரன் கேட்டான், "அம்மம்மா, உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?" அவர் சொன்னது: "தெரியாது. பாத்திருக்கிறன்."

எங்கள் பகுதியில் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் ஒரே வகுப்புக்கு வருகின்றன. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் குடும்பங்கள் கந்தளாய்க்குப் போய் அவதிப்பட்டதைச் சம்பூர்க்காரர்கள் அறிவார்கள். சம்பூரின் பத்து வருடத்தை மூதூர்க்காரர்கள் அறிவார்கள். வகுப்பில் அதைப் பற்றிப் பேசவேண்டும் என்று யாரையும் தூண்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் வகுப்பு வைக்காமல், தொழுகை நேரத்துக்கு இடைவேளை விட்டு, பெண்கள் தனியாக இருக்க விரும்பினால் பாயைத் தள்ளிப் போட்டால் போதும். களிக்குழம்பு குறைந்தால் பக்கத்துப் பாயில் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

காய்தல்

நிழலில், குறைந்தது ஒரு கிழமை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பக்கம் மட்டும் விரைவாகக் காய்ந்து சட்டி கோணிவிடும். ஈரச் சாக்கால் மூடி, நாளுக்கொரு தடவை திருப்பி வையுங்கள். மாரியில் இரண்டு கிழமைகூடப் போதாது.

சூளை நாள்

காய்ந்த சட்டியைத் தண்ணீரில் போட்டால் திரும்பச் சேறாகிவிடும். ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் சூட்டில் மண்ணுக்குள் பிணைந்திருந்த நீரும் போய்விட்ட பிறகுதான் அது மறுபடி கரையாத பொருளாகிறது. உமி, வைக்கோல், பொச்சுமட்டை, விறகு ஆகியவற்றை அடுக்கி மேலே மண் மெழுகிய சூளையில் அந்தச் சூடு வரும். பழைய ரயரும் பிளாஸ்ரிக்கும் நன்றாக எரியும் என்று சிலர் கொண்டுவருகிறார்கள். அந்தப் புகை நஞ்சு, சட்டியிலும் படியும். அனுமதிக்காதீர்கள்.

இங்கே எங்கள் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். சரியாகக் காயாத சட்டிக்குள் இருக்கும் ஈரம் 100 பாகையில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் சட்டியை வெடிக்கச் செய்யும். அந்தச் சத்தம் சிறிதல்ல. ஒரு தடவை நாங்கள் முன்கூட்டிச் சொல்ல மறந்துபோனோம். சூளைக்குள் முதல் சட்டி வெடித்ததும் ஒரு தாய் பக்கத்திலிருந்த பிள்ளையை, அது தன் பிள்ளையா என்றும் பார்க்காமல், இழுத்துக்கொண்டு கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் படுத்துவிட்டார். ஒரு பெரியவர் அன்று மாலை முழுக்கப் பேசவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், அவர்களுக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு சூளை மூட்டுமுன் எல்லோரையும் கூட்டி, "வெடிக்கும் சத்தம் வரலாம், அது சட்டி" என்று சொல்கிறோம். யார் விரும்பினாலும் சூடு ஏறும் முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் வீட்டுக்குப் போகலாம், காரணம் கேட்பதில்லை. மெதுவாகத் தீயை ஏற்றினால் வெடிப்பும் குறையும். உங்கள் வீட்டில் சத்தத்துக்குப் பதறுபவர் இருந்தால் பயிற்றுநரிடம் முன்பே சொல்லுங்கள். பதற்றம் நாட்கணக்கில் நீடித்தால், நித்திரை கெட்டால், மூதூர் வைத்தியசாலையில் உளநலச் சேவை பற்றிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதைத் தொழிலாகச் செய்யலாமா?

உடனே வேண்டாம் என்பதே எமது கருத்து. தயிர் வியாபாரி ஒரே அளவில் நூற்றுக்கணக்கான சட்டி கேட்பார். தொடக்கத்தில் உங்கள் பத்துச் சட்டியும் பத்து அளவில்தான் இருக்கும். ஒரு வகுப்பு முடிந்த உற்சாகத்தில் நுண்கடன் எடுத்துச் சக்கரம் வாங்க வேண்டாம். கிழமைத் தவணை கேட்டு வருபவருக்குச் சட்டி காயவில்லை என்ற காரணம் சரிவராது. ஒரு வருடம் கையால் செய்யுங்கள். கார்த்திகை விளக்கீட்டுக்குச் சிட்டி விளக்கு விற்றுப் பாருங்கள். அதன் பின்னும் விருப்பம் இருந்தால் பிரதேச செயலகத்தில் சிறுகைத்தொழில் உதவிகள் பற்றி விசாரியுங்கள்.

புதுச் சட்டியை வீட்டுக்கு எடுக்கும்போது

சூளை முழுதாக ஆறும்வரை, சாதாரணமாக மறுநாள் காலைவரை, திறக்க வேண்டாம். விரலால் சுண்டிப் பாருங்கள்: கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல். நல்ல சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, பிறகு அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க வையுங்கள். மா நுண்துளைகளை அடைக்கும். சவர்க்காரம் போட வேண்டாம். சுவர் அதைக் குடித்துக்கொண்டு பிறகு கறியில் விடும். பெயின்ற் பூசிய சட்டியில் சமைக்கவே கூடாது. முதல் நாள் வெளிப்புறம் வியர்த்தால் பயப்படத் தேவையில்லை. மூன்றாம் நாளும் கசிந்தால் அதில் கறி வேண்டாம்; கோழிக்குத் தண்ணீர் வைக்கலாம். ஆனால் நுளம்பு பெருகாமல் தினமும் ஊற்றி மாற்றுங்கள்.