மலைக் காற்றும் லயத்துப் புகையும்

நுவரெலியாவுக்கு வரும் பட்டணத்து மக்கள், பஸ்ஸை விட்டு இறங்கியதும், "என்ன சுத்தமான காற்று!" என்று சொல்லி மகிழ்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் காற்றின் நடுவிலே பிறந்து வளர்ந்த நம் தோட்டத்துத் தாய்மார்களில் எத்தனையோ பேர் விடியற்காலையில் இருமிக்கொண்டே அடுப்பு மூட்டுகிறார்கள். கைக்குழந்தைகளுக்கு அடிக்கடி நெஞ்சுச் சளி கட்டுகிறது. "மலைக் குளிர், அப்படித்தான் இருக்கும்" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். குளிர் மாத்திரந்தான் காரணமா? இவ்வாரம் இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

மலை ஏன் குளிருகிறது?

கொழும்பும் நுவரெலியாவும் பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் உள்ளவை. இரண்டுக்கும் ஒரே வெயில்தான். ஆயினும் கொழும்பில் சராசரி வெப்பநிலை 27 அல்லது 28 பாகை செல்சியஸ். நுவரெலியாவில் சுமார் 16 பாகை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதே இதற்குக் காரணம். மேலே எழும் காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரைப் பாகை குறையும் என்று கணக்கிடலாம்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, கினிகத்தேனை, வட்டவளை, மஸ்கெலியா பக்கங்களில் மழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டி ஊவாவுக்கு இறங்கும்போது அதே காற்று ஈரமிழந்து வறண்ட கச்சானாக வீசுகிறது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று கிழக்குச் சரிவுக்கு மழை தருகிறது. சனவரி, பெப்ரவரியில் மேகமில்லாத இரவுகளில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதையும் நாம் அறிவோம்.

குளிரும் மழையும் வீட்டுக்குள் செய்வது என்ன?

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. குளிர் கடுமையானால் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொள்கிறோம். மழை விடாது பெய்தால் விறகும் மிலாறும் நனைந்து போகின்றன. ஈர விறகு எரியும்போது அதன் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை வற்றச் செய்வதிலேயே செலவாகிறது. ஆகவே விறகு முழுமையாக எரியாமல் புகைகிறது. வெளியே போக வழியில்லாத அந்தப் புகை காம்பராவுக்குள்ளேயே சுற்றுகிறது.

நம் லயங்கள் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், ஆட்களை அடக்கி வைக்கும் நோக்கத்தோடு கட்டத் தொடங்கப்பட்டவை. காற்றோட்டம் அவற்றில் பெரிதாக எண்ணப்படவில்லை. சமையலும் படுக்கையும் ஒரே காம்பராவில் என்றால், தாய் மூட்டிய புகையைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் சுவாசிக்கிறது.

புகை உடலுக்குள் செய்வது என்ன?

புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உண்டு. அவற்றில் மிக ஆபத்தானவை தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கும் இல்லாதவை. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுக்க இயலாது. அவை நுரையீரலின் ஆழத்துக்கே போய்விடும். இதனால் குழந்தைகளுக்கு நிமோனியா வரும் ஆபத்தும், பெண்களுக்கு நாட்பட்ட நுரையீரல் நோயும், கண்ணில் புரை விழும் ஆபத்தும் கூடுகின்றன. கர்ப்பிணிகள் இப்புகையில் இருந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம். வீட்டுப் புகையால் 2020 ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

வெளிக் காற்று எப்போதும் சுத்தமா?

அப்படியும் சொல்ல முடியாது. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தாக்கில் தங்கும். மேலே உள்ள காற்றோ சற்றுச் சூடாக இருக்கும். அது மூடிபோல் அமைந்துவிடுவதால் லயங்களின் புகை மேலே ஏற முடியாமல் பள்ளத்திலேயே தேங்குகிறது. காலையில் நாம் பனிமூட்டம் என்று எண்ணுவதில் புகையும் கலந்திருக்கலாம்.

தூரத்துப் புகையும் நம்மிடம் வருவதுண்டு. 2022 டிசெம்பரில் வங்கக் கடலில் "மாண்டஸ்" புயல் உருவான வேளையில், இந்தியப் பக்கத்து மாசடைந்த காற்று இலங்கையை வந்து மூடியது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. டிசெம்பர் 9 ஆம் திகதி அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடசாலையை மூடும் அளவுக்கு ஊர்க் காற்று கெட்டால் நாடே பேசுகிறது. அடுப்படியில் அன்றாடம் கெடும் காற்றைப்பற்றி யார் பேசுகிறார்கள்?

நாம் செய்யக்கூடியவை

1. மழைக்காலம் தொடங்குமுன் விறகை மெல்லியதாகப் பிளந்து, கூரையின் கீழ் பல வாரம் உலர வைக்க வேண்டும். இது ஆண்பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும்.

2. அடுப்பு எரியும் நேரத்தில், குளிராயினும், கதவையும் எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும். புகைபோக்கி இருந்தால் கரி அடைக்காமல் துடைக்க வேண்டும்.

3. 1980களில் நம் நாட்டில் பரவத் தொடங்கிய "அனகி" என்னும் இரட்டைக் களிமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். ஆனால் அதற்கும் காற்றோட்டம் வேண்டும்.

4. சமைக்கும்போது கைக்குழந்தையை அடுப்பருகே வைத்திருக்கக் கூடாது. பிள்ளைக்கு மூச்சு வேகமாகி, மூச்செடுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே இழுபட்டால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

5. குளிருக்காகத் தணல் சட்டியை மூடிய காம்பராவில் வைத்துக்கொண்டு ஒருபோதும் உறங்கக் கூடாது. தணலிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. அது உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

யார் பொறுப்பு?

இவை யாவும் குடும்பம் செய்யக்கூடியவை. ஆனால் ஜன்னலே இல்லாத காம்பராவில் ஜன்னலைத் திற என்று தாயிடம் சொல்வது நியாயமாகாது. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர், முன்னைய 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் மலையகத்துக்குத் தரப்படும் என்று அறிவித்தார். ஆயினும் இன்றும் பல குடும்பங்கள் லயத்திலேயே வாழ்கின்றன. வீடு கேட்கும்போது, புகை போக வழியுள்ள அடுப்படியையும் சேர்த்துக் கேட்பது நம் உரிமை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட "லவுதாத்தோ சி" சுற்றுமடலில், காற்று மாசைப்பற்றிச் சொல்லத் தொடங்கும் இடத்திலேயே சமையல் அடுப்புப் புகையால் மக்கள் நோயுறுவதைக் குறிப்பிடுகிறார். நமது அடுப்படி அவ்வளவு சிறிய விடயம் அல்ல.

குடும்பமாகக் கலந்துரையாட:

- நம் வீட்டில் புகையை அதிகம் சுவாசிப்பவர் யார்? அவருடைய வேலையை யார் பகிர்ந்துகொள்கிறோம்?
- இந்த மழைக்காலத்துக்கு நமது விறகு எங்கே உலரப் போகிறது?
- நம் லயத்தில் புகைபோக்கியோ ஜன்னலோ இல்லாத காம்பராக்கள் எத்தனை? அதைப்பற்றித் தோட்ட நிர்வாகத்திடம் எல்லாரும் சேர்ந்து எப்போது பேசப்போகிறோம்?