லத்திக்கு முன்னாடி பேனா!



"பெரிசானதும் என்ன ஆகப் போறே?" என்று கேட்டால் நம் வகுப்பில் பத்துப் பேராவது "போலீஸ்!" என்று கத்துவோம். ஜீப்பிலிருந்து குதிப்பது, பறந்து பறந்து அடிப்பது என்று சினிமாக் காட்சிதான் மனதில் ஓடும். நானும் அப்படித்தான் நினைத்தேன், எங்கள் பெரியம்மா வீட்டு அண்ணன் தேர்வு எழுதும்வரை.

அண்ணன் தினமும் விடியற்காலை ஏரிக்கரையில் ஓடுவார். கயிறு ஏறுவார். பெரியம்மா முட்டை அவித்து வைத்துக் காத்திருப்பார். ஒரு வருடம் இப்படியே போனது. ஆனால் தேர்வு மைதானத்தில் அண்ணன் ஒரு அடிகூட ஓடவில்லை. ஏன் தெரியுமா? எழுத்துத் தேர்வுதான் முதலில்! அதில் தமிழ்த் தாளிலேயே போய்விட்டது. "தமிழ்தானே, அதுக்கு என்ன படிக்கிறது?" என்று இருந்துவிட்டார்.

தேர்வு எப்படி நடக்கிறது?

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர்களை எடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். சிறைக் காவலர், தீயணைப்பாளர் வேலைக்கும் இதே தேர்வுதான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயது 18 முதல் 26 வரை. சில பிரிவினருக்குச் சலுகை உண்டு.

1. தமிழ்த் தகுதித் தேர்வு: 80 மதிப்பெண். 32 எடுத்தால்தான் அடுத்த தாளைத் திருத்துவார்கள். பத்தாம் வகுப்புத் தரம்தான்.

2. முதன்மைத் தேர்வு: 70 மதிப்பெண். பொது அறிவும் உளவியலும்.

3. உடல் அளவு: பொதுவாக ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பெண்களுக்கு 159 செ.மீ. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குக் கொஞ்சம் குறைவு. ஆண்கள் மார்பளவு 81 செ.மீ.; மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும்.

4. ஓட்டம்: ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் முடிக்க வேண்டும். பிறகு நடக்கும் உடல்திறன் போட்டிகளுக்கு 24 மதிப்பெண்.

5. என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு மொத்தம் 6 மதிப்பெண்.

போலீசுக்கு எதுக்குப் படிப்பு?

நானும் இதையேதான் கேட்டேன். ஒருவர் அழுதுகொண்டே ஸ்டேஷனுக்கு வருகிறார் என்று வையுங்கள். குற்றம் பெரியதாக இருந்தால் அவர் சொல்வதை எழுதி, அவருக்கே படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, முதல் தகவல் அறிக்கை போட வேண்டும். அதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். வழக்கே அந்தக் காகிதத்தில்தான் தொடங்குகிறது. தேதியோ இடமோ தப்பாக எழுதினால் குற்றவாளிக்கு அது வசதியாகிவிடும்.

அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. கைது செய்தவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். ஏன் கைது என்று அவரிடம் சொல்ல வேண்டும். இது நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. கைது செய்தவரை அடிக்கும் உரிமை எந்தச் சட்டத்திலும் இல்லை. சினிமாவில் கைதட்டல் வாங்கும் காட்சி நிஜத்தில் குற்றம்! 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. அதனால் வேலையில் சேர்ந்த பிறகும் படித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

வேறு வழிகளும் உண்டு

பட்டம் பெற்றால் நேரடியாக உதவி ஆய்வாளர் தேர்வு எழுதலாம். குரூப் 1 தேர்வில் வென்றால் டி.எஸ்.பி. ஆகலாம். மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வு எழுதினால் ஐ.பி.எஸ். நான் இப்போது 155 செ.மீ. காவலராக இன்னும் 4 செ.மீ. வளர வேண்டும். ஆனால் ஐ.பி.எஸ்.ஸுக்குப் பெண்கள் உயரம் 150 செ.மீ. போதுமாம். உயரம் வளராவிட்டால் என்ன, படிப்பை வளர்க்கலாமே!

உங்களுக்குத் தெரியுமா?

★ தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973இல். ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். மொத்தமே 22 பேர்தான்.

★ 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியது.

★ திருநங்கை பிரித்திகா யாஷினியின் விண்ணப்பத்தை முதலில் ஏற்கவில்லை. அவர் உயர்நீதிமன்றம் சென்று வென்று, 2017இல் உதவி ஆய்வாளர் ஆனார்.

நண்பர்களே, காலையில் ஓடுங்கள். என்.சி.சி.யில் சேருங்கள். தினமும் செய்தித்தாள் படியுங்கள். தமிழ்ப் பாடத்தை மட்டும் "நம்ம மொழிதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

அண்ணன் இப்பவும் ஏரிக்கரையில் ஓடுகிறார். சாயங்காலம் மட்டும் என் தமிழ்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போகிறார். "கிழிச்சிடாதேண்ணா, எனக்கும் பரீட்சை இருக்கு" என்றேன். "அடுத்த தடவை உனக்கு முன்னாடி நான் பாஸாகிக் காட்டுறேன், பாரு!" என்றார்.

பார்ப்போம்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி