சுற்றுச்சூழல் பொறியியலில் டாக்டர் பட்டம்: கிராமத்துக்கு அதனால் ஆவது என்ன?

சென்ற ஆண்டு வைகாசி மாதத்தில் மேல்மலையனூர் ஒன்றியத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவர் தம் ஊராட்சியில் வார்டு உறுப்பினருமாவார். கிணறு ஆழப்படுத்தும் விஷயமாக வந்திருப்பார் என்று நாம் எண்ணினோம். அவரோ மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். அவருடைய மகள் சுற்றுச்சூழல் பொறியியலில் எம்.இ. தேறியவள். சென்னையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பதினைந்து நாட்களுக்குள் சேர வேண்டும். வீட்டிலோ வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஐயா, வைத்தியம் பார்க்காத டாக்டர் படிப்பாமே! அதற்கு இன்னும் அஞ்சு வருஷமா? அதனால் அவளுக்கு என்ன, ஊருக்கு என்ன?" என்று கேட்டார்.

அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அதே கேள்வி இன்னும் பல வீடுகளில் எழக்கூடும். ஆதலின் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம்.

சுற்றுச்சூழல் பொறியியல் என்னும் பெயர் புதிது; தொழில் பழையது. குடிநீரைத் தூய்மை செய்தல், கழிவுநீரை ஊருக்குத் தீங்கின்றி வெளியேற்றுதல், குப்பையை அகற்றுதல் ஆகிய வேலைகளைப் பொதுச் சுகாதாரப் பொறியியல் என்ற பெயரால் முன்பு அழைத்தனர். நாகபுரியில் 1958-இல் மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் என்று தொடங்கியதே, 1974-இல் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் மாறியது. கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து, மக்களின் பல்லில் கறையும் எலும்பில் வளைவும் கண்ட நல்கொண்டா மாவட்டத்தின் பெயரால் வழங்கும் முறை அந்நிலையத்தார் வகுத்ததே. நீரில் படிகாரமும் சுண்ணாம்பும் அளவாய் இட்டுக் கலக்கி, தெளியவிட்டு இறுத்து எடுப்பது அம்முறை. படிகாரமும் சுண்ணாம்பும் நம் பாட்டிமார் அறிந்த பொருள்களே. ஆனால் எந்த நீருக்கு எவ்வளவு, எவ்வளவு நேரம் கலக்குவது, எவ்வளவு நேரம் தெளியவிடுவது என்பதை ஒருவர் உட்கார்ந்து கண்டறிய வேண்டியிருந்தது. ஆராய்ச்சி என்பது அந்த 'எவ்வளவு'தான்.

எம்.இ. வரையில் மாணவர் பிறர் கண்டதைக் கற்கிறார். டாக்டர் பட்டத்துக்கோ, எந்தப் புத்தகத்திலும் விடையில்லாத ஒரு கேள்வியை எடுத்து, அதற்கு விடை கண்டு, அவ்விடை சரியென்று வல்லுநர் முன் நிறுவ வேண்டும்.

அத்தகைய கேள்விக்கு நாம் வெளியூர் செல்ல வேண்டுவதில்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைதோறும் நடக்கும் ஊஞ்சல் உற்சவத்துக்கு எத்துணைக் கூட்டம் கூடும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மற்ற நாட்களில் நடுத்தரமான ஓர் ஊர்; அந்த ஓர் இரவில் பெரு நகரம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் பேர் கழிப்பறைக்கு ஒரு முறை சென்று ஆளுக்கு ஐந்து லிட்டர் நீர் ஊற்றினால் ஐந்து லட்சம் லிட்டர் கழிவுநீராகும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கிராமக் குடிநீர்த் திட்ட அளவின்படி, இது சுமார் ஒன்பதாயிரம் பேர் ஒரு நாள் முழுதும் செலவிடும் நீர். அது ஓர் இரவில் வந்து சேர்கிறது.

செப்டிக் டாங்கு வேலை செய்வது எப்படி? கழிவு அதனுள் ஒரு நாளுக்குக் குறையாமல் தங்க வேண்டும். கனமானது அடியில் படியும். கிருமிகள் அதைச் சிறிது சிறிதாகத் தின்று செரிக்கும். மேலே நிற்கும் நீர் உறிஞ்சுகுழிக்குச் செல்லும். பத்து மடங்கு நீர் ஒரே இரவில் புகுந்தால், படிவதற்கு நேரமின்றி வந்த வேகத்திலேயே கழிவு வெளியேறி, அடியில் கிடந்த கசடையும் கிளப்பிக்கொண்டு போய்விடும். மறுநாள் உறிஞ்சுகுழி அடைத்துக்கொள்ளும். அல்லது அருகிலுள்ள கிணறு கெடும். பெரிய தொட்டியாகக் கட்டிவிடலாமே என்பீர்கள். கட்டலாம். ஆனால் அடுத்த 29 நாட்களுக்கு அத்தொட்டியின் கிருமிகளுக்கு உணவு எங்கே? காற்று செலுத்தி வளர்க்கும் கிருமிகளாயின் பட்டினியில் நலிந்துவிடும். அடுத்த அமாவாசைக்கு வேலை செய்ய இரா. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள், அதாவது சாண எரிவாயுக் கலத்தில் உள்ள இனம், நெடுநாள் பட்டினி தாங்கும். எனினும் ஒரே இரவில் விருந்து வைத்தால் அவை எத்துணை விரைவில் விழித்தெழும்? வந்த நீரை ஒரு தொட்டியில் நிறுத்தி வைத்து நாள்தோறும் கொஞ்சமாக விட்டால் என்ன? எத்தனை நாளில் விடுவது? மழைக்காலத்தில் எப்படி? கோயிலூர்கள் நிறைந்த இந்நாட்டில் இதற்கு விடை கூறுபவர் பல ஊர்களுக்கு உபகாரம் செய்தவராவார்.

ஐந்து ஆண்டுகள் ஏன் என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஒரு போகம் விளைந்ததைக் கொண்டு ஒரு விதையை நல்ல விதை என்று எந்த விவசாயியும் சொல்வதில்லை. ஓராண்டில் அமாவாசை பன்னிரண்டோ பதின்மூன்றோதான் வரும். ஒன்றைத் தவறவிட்டால் ஒரு மாதம் போயிற்று. முதலாண்டு பாடங்களிலும் முன்னோர் எழுதியவற்றைப் படிப்பதிலும் கழியும். பின்பு ஆய்வுக்கூடத்தில் சிறு கலம் அமைத்து, சாணக் கரைசலிலிருந்து கிருமிகளை வளர்க்க வேண்டும். அவை சில வேளை காரணம் தெரியாமலே மடியும். மீண்டும் தொடங்க வேண்டும். கண்டவற்றை எழுதி, வெளியிலுள்ள தேர்வாளர் இருவரேனும் படித்து ஏற்ற பின்னர், அவையில் வாய்மொழித் தேர்வு நடக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, இதற்குக் குறைந்தது மூன்று ஆண்டு, மிகுதியாக ஆறு ஆண்டு. அதற்குமேல் நீட்டிப்பும் உண்டு. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுத் தளர்வும், மகப்பேறு மற்றும் குழந்தை வளர்ப்புக்கென 240 நாட்கள் வரை விடுப்பும் அவ்விதிகளில் உள்ளன. திருமணமா படிப்பா என்று தராசில் நிறுத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

"ஊருக்கு என்ன?" என்ற கேள்விக்கு நொய்யலாற்று விவசாயிகளின் அனுபவத்தைக் கூறலாம். அவ்வாற்றில் 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து சேர்ந்ததால் பாசனத்துக்குப் பயனற்றதாயிற்று. விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். நீர் நாறுகிறது, பயிர் கருகுகிறது என்று சொன்னால் மட்டும் போதுமா? ஒரு லிட்டரில் கரைந்த உப்பு எத்தனை மில்லிகிராம், மண்ணில் எவ்வளவு ஏறியது, எந்தக் கிணறு வரை பரவியது என்று அளந்து காட்ட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடலாகாது என்ற நிபந்தனை விதித்தது. அது நிறைவேறாதபோது 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. ஆலைகள் மீண்டும் ஓடுவதற்கும், சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கிகளும் கொண்டு நீரையும் உப்பையும் பிரித்தெடுக்கும் பொறியியலே வழி செய்தது. ஆக, இத்துறையின் அறிவு வழக்காடிய உழவருக்கும் வேண்டியிருந்தது, ஆலை நடத்துவோருக்கும் வேண்டியிருந்தது.

இனி வழியும் செலவும். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் பயின்று பி.இ. சேரலாம், சிவில் பொறியியல் இதற்கு நேர்வழி. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கின்றன. பின்னர் கேட் என்னும் அகில இந்தியத் தேர்வு. அதில் சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் 2021 முதல் தனித்தாளாக உள்ளது. எம்.இ.க்குப் பின் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம், சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதல் இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000 ரூபாயாகவும் உயர்ந்துள்ளது. ஆகவே நிலத்தை விற்றுப் படிக்கவைக்கும் படிப்பு இதுவன்று. உதவித்தொகையின்றிச் சேர்வது மட்டும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். சம்பளம் ஒன்றே நோக்கமாயின் எம்.இ.யோடு நிறுத்தி வேலைக்குப் போவதே இலாபம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வழிகாட்டும் பேராசிரியர் யார், அவரிடம் முன்பு பயின்றவர் எத்தனை ஆண்டில் முடித்தனர் என்று விசாரித்துச் சேர்வதும் நன்று. பெண் கொடுக்கும் இடத்தை விசாரிக்கிறோம் அல்லவா?

பஞ்சாயத்து உறுப்பினர்க்கும் இதில் பங்குண்டு. நாம் முன்பு பணியாற்றிய வேறோர் ஒன்றியத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவர், மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் நாள்தோறும் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவேட்டைக் கேட்டு வந்தார். சில ஊராட்சிகளில் பதிவேடே இல்லை. ஒன்றில் ஒரு மாதக் கணக்கு முழுவதும் ஒரே மையில், ஒரே நாளில் எழுதப்பட்டிருந்தது. அதைக் கையெழுத்திட்டு ஏற்றவர்களுள் நாமும் ஒருவர். அம்மாணவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வட்டாரத்துக்குப் போய்விட்டார். அப்பதிவேடு உண்மையாக இருந்தால் ஊரின் நீர்ச்செலவு அதில் தெரியும். கிணற்று நீர்மட்டத்தை மாதம் ஒரு முறை கயிற்றால் அளந்து எழுதலாம். கழிவுநீர் லாரி எங்கே கொட்டுகிறது என்று குறித்து வைக்கலாம். ஆராய்ச்சிக்கென நீர் எடுத்துச் செல்வோரிடம், முடிவைத் தமிழில் எழுதிக் கிராம சபைக்குத் தர வேண்டும் என்று கேட்டுப் பெறலாம். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபை அதைப் படிப்பதற்கு ஏற்ற நாள்.

அந்த விவசாயியின் மகள் தவணைக்கு இரண்டு நாள் முன்னதாகச் சேர்ந்துவிட்டாள். மாசித் திருவிழாவுக்குப் பின் ஒரு காலையில் அவளைக் குளத்தங்கரைப் பக்கம் கண்டோம். பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கிருமிச் சோதனைக்கான நீர் அன்றே சென்னை சேர வேண்டுமாம். தகப்பனார் பக்கத்தில் அமர்ந்து, எடுத்த இடமும் நேரமும் எழுதிய சீட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். வரன் விஷயம் என்னவாயிற்று என்று கேட்டோம். "இரண்டு வருஷம் பொறுக்கச் சொல்லியிருக்கிறோம் ஐயா. சம்மதித்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு, ஏழாம் பாட்டிலின் சீட்டு எங்கே என்று தேடத் தொடங்கினார்.