பிள்ளை யாருக்கு? (வேத பாடம்)



இந்த மாதம் 1 இராஜாக்கள் 3-ஆம் அதிகாரத்தைத் தியானிப்போம். சாலொமோன் ராஜா பட்டயம் கொண்டுவரச் சொன்ன சம்பவம் சண்டே ஸ்கூல் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நம் தாம்பரம் பக்கத்திலே புருஷனும் மனைவியும் பிரிந்து, பிள்ளைக்காகச் செங்கல்பட்டுக்கும் ஹைகோர்ட் வளாகத்துக்கும் ரயில் ஏறுகிற குடும்பங்களிடம் இந்தப் பகுதியைத் தவறாகப் பிரயோகிக்கிறவர்கள் உண்டு. "நீ உண்மையான தாய்னா விட்டுக்கொடுத்துடும்மா" என்று ஆலோசனை சொல்லிவிடுகிறார்கள்.

சற்றே கவனியுங்கள். சாலொமோனுக்கு முன்பாக நின்ற இரண்டு பேரில் ஒருத்தி பொய்க்காரி. குடும்ப நீதிமன்றத்தில் நிற்கிற இருவருமோ மெய்யான பெற்றோர். அங்கே பட்டயத்தால் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. விட்டுக்கொடுத்தவருக்கே பிள்ளை என்று ஜட்ஜ் எழுதப்போவதுமில்லை.

அப்படியானால் எதைப் பார்க்கிறார்கள்? "அஞ்சு வயசு வரைக்கும் அம்மாவுக்குத்தான்" என்று பலர் சொல்லுவார்கள். அது 1956-ஆம் வருஷத்து இந்துச் சட்டத்தில் உள்ளது. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துகிற 1890-ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டத்தில் அப்படி ஒரு வயதுக்கோடு கிடையாது. ஆனாலும் கைக்குழந்தையைத் தாயிடமிருந்து லேசில் பிரிக்கமாட்டார்கள். "அவர் அவிசுவாசி, அதனால பிள்ளை எனக்குத்தான் பாஸ்டர்" என்கிற சகோதரிகளும் உண்டு. மார்க்கத்தையும் பார் என்று சட்டம் சொல்லுகிறது, மெய்தான். வயது, ஆணா பெண்ணா, வளர்க்கிறவரின் நடத்தை, திராணி இவற்றோடு அதுவும் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலம். விவரம் தெரிந்த பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம்.

சென்னையிலிருந்தே போன ஒரு கிறிஸ்தவத் தம்பதியின் வழக்கு உண்டு. ரோசி ஜேக்கப் வழக்கு என்று வக்கீல்கள் சொல்லுவார்கள். மூன்று பிள்ளைகள். 1964-ல் சென்னை ஹைகோர்ட் பிரிந்து வாழத் தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் காரியம் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ந்ததோ 1973-ல். ஒன்பது வருஷம்! ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஒன்பதாவது முடித்துவிடுமே. மகளையும் கடைசி மகனையும் தாயிடம் ஒப்படைத்த அந்தத் தீர்ப்பு, பிள்ளைகள் பெற்றோரின் உடைமையுமல்ல, விளையாட்டுச் சாமானுமல்ல என்ற கருத்தைத் திட்டமாக வைத்தது. தகப்பன் தகுதியுள்ளவர் என்பது மட்டும் போதாது என்றது. நிலைமை மாறினால் இப்படிப்பட்ட உத்தரவுகளும் மாறலாம் என்பதும் அதில் உண்டு. ஆகவே "தோத்துட்டேன் பாஸ்டர்" என்று வருகிற தகப்பனிடம், பிள்ளையைப் பார்க்க அனுமதித்த நாளில் ஒன்றையும் விடாதீங்க என்றே நான் சொல்லுகிறேன்.

இனி சபைக்கு வருவோம். உபவாச ஜெபத்திலே ஒரு தாய் கண்ணீரோடு ஜெபக்குறிப்பு சொல்ல, நாமும் அந்த மனுஷனுக்குள் இருக்கிற பிசாசைக் கடிந்து சத்தமாய் ஜெபிக்கிறோம். பாயிலே அவருடைய பிள்ளை உட்கார்ந்திருக்கிறது! எட்டு வயசுப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "அங்கிள், அப்பாக்குள்ள பிசாசு இருந்தா, சனிக்கிழமை அவர் கையைப் பிடிக்கலாமா?" தாராளமாப் பிடிடா என்றேன். இப்போதெல்லாம் அப்படிப்பட்ட குறிப்புகளை எழுதித்தான் வாங்குகிறேன்.

அடி உதை இருந்தால் அது வேறே காரியம். மூடி மறைக்காதிருங்கள், வக்கீலிடம் தெளிவாய்ச் சொல்லுங்கள். சபை லெட்டர்ஹெட்டில் சான்று கேட்டு வருகிறவர்களுக்கு, கண்ணால் கண்டதை மட்டும் எழுதிக் கொடுப்பேன். கேள்விப்பட்டதை எழுதமாட்டேன், வருத்தப்படாதிருங்கள்.

சண்டே ஸ்கூல் டீச்சர்மாருக்கும் ஒரு வார்த்தை. கோர்ட் உத்தரவுப்படி ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடமோ அம்மாவிடமோ போயிருக்கிற பிள்ளைக்கு ஆப்சென்ட் போடவேண்டாம். மனப்பாட வசனத்தை அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம்.