சுருண்ட சிரைக்கு அறுவை எப்போது?

அன்புள்ள கயலுக்கு,

காலுக்கு இறங்கிய இரத்தம் மீண்டும் இதயத்துக்கு ஏறியாக வேண்டும். அதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தசைக்கு நடுவே ஆழத்தில் ஓடும் சிரைகள் வழியாகப் போகிறது. மீதி, தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் மேல்சிரைகளின் பங்கு. கெண்டைக்கால் தசை இறுகும்போதெல்லாம் இரத்தம் மேலே தள்ளப்படும். சிரைக்குள் இருக்கும் வால்வு மூடிக்கொண்டு அதைத் திரும்பி இறங்கவிடாது. அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரையழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கியதும் 30 அளவுக்கு இறங்கிவிடும். வால்வு பழுதானவருக்கோ நடந்தாலும் அந்த அழுத்தம் சரியாக இறங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் அதைத் தாங்கிய மேல்சிரை விரிந்து, நெளிந்து, தோலுக்கு வெளியே புடைக்கிறது. ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். மருத்துவர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள்.

பரம்பரை, வயது, பிரசவங்கள், உடல் எடை எல்லாம் இதற்குக் காரணங்கள். நின்றே செய்யும் வேலை நோயை மோசமாக்கும். செங்கல்பட்டுத் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண், மறைமலைநகர் ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர், மாமல்லபுரம் ஓட்டல் சமையற்கட்டில் அடுப்பை விட்டு நகர முடியாதவர், ஆளுயரச் சிலையை நின்றபடி செதுக்கும் சிற்பி என்று இந்த வட்டாரத்தில் அத்தகையவர்கள் ஏராளம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கேரளம் 2018-இலேயே செய்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் இருக்கை போட்டால் மட்டும் போதாது, ஊழியரை அதில் உட்கார விடவும் வேண்டும்.

அறுவை வேண்டுமா என்பதைப் புடைப்பின் பருமனை வைத்து முடிவு செய்யக் கூடாது. பெரிதாகச் சுருண்ட சிரையோடு தொல்லையே இல்லாமல் வாழ்நாளைக் கழிப்பவர்கள் உண்டு. வெளியே அதிகம் தெரியாமலே கால் புண்ணாகிறவர்களும் உண்டு. பார்க்க வேண்டிய இடம் உள்கணுக்காலுக்குச் சற்று மேலே உள்ள தோல். முதலில் மாலையில் வீக்கமும் அரிப்பும் வரும். பிறகு அந்த இடம் பழுப்பேறிக் கறுக்கும். விரலால் அழுத்தினால் தோல் மரப்பலகைபோல் கெட்டியாக இருக்கும். கடைசியில் சின்னக் கீறலோ கொசுக்கடியோ ஆறாத புண்ணாகிவிடும்.

அடுத்தது டாப்ளர் ஸ்கேன். நோயாளியை நிற்கவைத்து, தொடையில் பசை தடவிக் கருவியை வைத்துக்கொண்டு, மருத்துவர் கெண்டைக்காலைக் கையால் பிழிந்துவிடுவார். பிடியை விட்டதும் இரத்தம் அரை வினாடிக்கு மேல் கீழ்நோக்கி ஓடினால் அங்கே வால்வு கெட்டிருக்கிறது. ஆழ்சிரைகளில் பழைய இரத்தக்கட்டு இருக்கிறதா என்பதும் இதில்தான் தெரியும். ஆழ்சிரை அடைபட்டவருக்குச் சில சமயம் அந்தச் சுருண்ட சிரைதான் மாற்றுப்பாதை. அதை மூடினால் கால் மேலும் கெடும். டாப்ளர் எடுக்காமல் அறுவைக்கு நாள் குறித்தால் ஒப்புக்கொள்ளவே கூடாது.

அறுவையின் நன்மை புண் வந்தவர்களிடம்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 2004-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் அழுத்தக் கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதம் பேருக்கு ஓராண்டில் புண் திரும்பி வந்தது. கட்டோடு அறுவையும் செய்தவர்களில் 12 சதவீதம்தான். 2018-இல் வந்த இன்னோர் ஆய்வில், சிரையை உடனே மூடியவர்களுக்குப் புண் ஆற 56 நாள் ஆனது; தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அந்த இடைவெளி ஒரு மாதச் சம்பளம். தோல் கறுத்தவர்கள், சிரை வெடித்து இரத்தம் கொட்டியவர்கள், சிரையில் அடிக்கடி இரத்தம் உறைந்து வலிப்பவர்கள் ஆகியோருக்கும் சிகிச்சை பயன் தரும். வெறும் புடைப்பும் மாலை நேர உளைச்சலும் மட்டும் இருந்தால் அவசரமில்லை. கர்ப்ப காலத்தில் வந்தது பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானே குறைவதும் உண்டு.

பழைய முறையில் தொடையிடுக்கில் கீறி, மேல்சிரையைக் கட்டி, கம்பி செலுத்தி உருவி எடுப்பார்கள். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1890-இல் எழுதிய முறையிலிருந்து வளர்ந்தது இது. இப்போது லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் சிரையை உள்ளேயே மூடிவிடுகிறார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். நுரை மருந்தை ஊசியில் செலுத்துவதும் உண்டு. பிரிட்டனின் 2013 வழிகாட்டுதல் வெப்ப முறையை முதலிலும், நுரையை அடுத்தும், உருவுவதைக் கடைசியிலும் வைக்கிறது.

எந்த முறையிலும் ஆபத்து அறவே இல்லாமல் இல்லை. உருவி எடுத்தால் இரத்தம் கன்றுவதும் தொடையிடுக்குக் காயத்தில் சீழ் பிடிப்பதும் நேரலாம். கணுக்கால்வரை உருவினால் பக்கத்திலேயே ஓடும் உணர்ச்சி நரம்பு அடிபட்டு அந்த இடம் மரத்துப்போகலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொண்டால் இது குறையும். வெப்ப முறையில் தோல் சுட்டுப்போவதும் மரப்பதும் அபூர்வமாக நிகழும். நுரை ஊசி போட்ட இடத்தில் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கலாம். அழகுக்காகச் செய்துகொள்ள வருபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது மிக அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் சிகிச்சை முடிந்த அன்றே நடக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் விட அதிகம் நடப்பது நோய் திரும்புவது. சிகிச்சை பழுதான சிரையை அகற்றுகிறது அல்லது மூடுகிறதே தவிர, மற்ற சிரைகள் பழுதாவதைத் தடுப்பதில்லை.

சிரையை எடுத்தால் கால் விளங்காது என்ற பயம் பலருக்கு உண்டு. அது வீண் பயம். ஆழ்சிரைகள் நன்றாக இருந்தால் காலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நல்ல நிலையில் உள்ள மேல்சிரையைத் தேவையின்றி இழக்கக் கூடாது. நாளை இதய பைபாஸ் வேண்டியிருந்தால் காலின் அந்தச் சிரையைத்தான் எடுத்துப் பொருத்துவார்கள்.

அறுவை வேண்டாதவர்களுக்கு நடையும், காலை உயர்த்தி வைப்பதும், அழுத்தக் காலுறையும் போதும். கடற்கரைப் புழுக்கத்தில் நாள் முழுதும் காலுறை போடுவது கடினம் என்பது உண்மை. நின்று வேலை செய்யும் நேரத்துக்காவது போட வேண்டும். நீரிழிவும் புகைப்பழக்கமும் உள்ளவர்கள் பாதத்துக்கு இரத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்காமல் போடக் கூடாது. தமனி அடைபட்ட காலை இறுக்கினால் பாதம் அழுகும் அபாயம் உண்டு.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கியது. அதன் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் எந்த முறைக்கு அது செல்லும் என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளட்டும். சிரை வெடித்து இரத்தம் பீறிட்டால் படுக்கவைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் பத்து நிமிடமாவது அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். உன் அத்தையின் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்திருப்பதாக எழுதியிருந்தாய். புண்ணாகும்வரை காத்திராமல் இந்த வாரமே டாப்ளர் எடுக்க அழைத்துப் போ.

அன்புடன்,
சித்தப்பா