தேக்கடி கற்பித்த பாடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

எங்கள் ஊர் பொட்டிபுரம். போடிநாயக்கனூருக்குத் தெற்கே, மேற்குமலையின் அடிவாரத்தில் உள்ளது. காலையில் கதவைத் திறந்தால் முதலில் தெரிவது மலைதான். என் தந்தையார் அதன் சரிவில் ஆடு மேய்க்கிறார். என் தாயார் விடியுமுன் தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு, ஜீப்பில் போடிமெட்டு வழியாக மலையேறி, ஏலத்தோட்டத்தில் களையெடுத்துவிட்டும் காய் எடுத்துவிட்டும் இருட்டியபின் வீடு திரும்புகிறார். இருபது ஆண்டுகளாக அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆயினும் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதைச் சென்ற டிசம்பர்த் திங்களில் எங்கள் துறை மேற்கொண்ட தேக்கடிப் பயணத்தில்தான் அறிந்தேன். அங்குக் கண்டவற்றையும் கற்றவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுருளியில் தொடக்கம்

உத்தமபாளையம், கம்பம் கடந்து முதலில் சுருளி அருவிக்குச் சென்றோம். மேகமலைக் காடுகளில் பிறக்கும் ஓடை பாறைகளில் தவழ்ந்து இங்கே அருவியாக விழுகிறது. குளிப்பதற்காக வந்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர். ஈரமணலில் யானையின் கால்தடமும் இருந்தது. யானைகள் அருவிப் பக்கம் வந்துவிட்டால் வனத்துறையினர் மக்களை உள்ளே விடுவதில்லை. அன்று எங்களுக்கு அந்தத் தடையில்லை.

மேகமலை 2009ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021இல் திருவில்லிபுத்தூர்ச் சாம்பல்நிற அணில் சரணாலயத்தோடு இணைக்கப்பட்டு, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயிற்று. பேராசிரியர் அவர்கள் அருவியைக் காட்டி, "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார். "மழையிலிருந்து" என்றோம். "மழை பெய்து பல நாள் ஆகிறதே, இன்னும் எப்படி விழுகிறது?" என்று மீண்டும் கேட்டார். எங்களிடம் விடையில்லை. "மாலைக்குள் சொல்லுங்கள்" என்று கூறிப் பேருந்தில் ஏறிவிட்டார்.

மலைக்கு அந்தப் பக்கம்

கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வந்ததும், மலைமேலிருந்து மின்நிலையத்திற்கு இறங்கும் பெரிய இரும்புக் குழாய்கள் கண்ணில் பட்டன. அவற்றில் வருவது பெரியாற்று நீர். மேற்கே கேரளத்தில் ஓடிக் கடலில் கலக்கும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய பொறியாளர் பென்னிகுயிக் அவர்களின் பெயரை நம் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. 1886இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1895இல் அணை முடிந்தது.

குமுளியை அடைந்தபோது எங்களுக்கு வியப்பே மேலிட்டது. கீழே கருவேலும் கள்ளியும் கண்ட கண்களுக்கு, சிறிது தொலைவு மலையேறியதும் வானை மறைக்கும் மரங்கள் தெரிந்தன. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் மிகுதியில்லை. எனவே நம் கம்பம் பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதியாகிவிட்டது. புவியியல் பாடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்த செய்தி, அன்று பேருந்தின் சன்னல் வழியே கண்முன் விரிந்தது.

பெரியாறு புலிகள் காப்பகம்

அணை கட்டியதால் உண்டான ஏரியைச் சுற்றியுள்ள காட்டை 1934இல் திருவிதாங்கூர் அரசு பாதுகாப்பு வனமாக்கியது. 1950இல் அது பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாயிற்று; 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

படகில் ஏறினோம். ஏரியின் நடுவே கரிய மரக்கட்டைகள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. அணை நீர் ஏறியபோது மூழ்கி இறந்த காட்டு மரங்கள் அவை. நூறாண்டுகளுக்கு மேலாகியும் நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. கரையில் யானைக் கூட்டம் ஒன்று குட்டியை நடுவில் விட்டு நீரருந்திற்று. காட்டெருமைகளும் கடமான்களும் கண்டோம். நண்பர் ஒருவர் மட்டும் "புலி எங்கே, புலி எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசிவரை புலியைக் காணவில்லை.

மறுநாள் காலை காட்டுக்குள் எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி அதற்கு விடை சொன்னார். "மானைப் பார்த்தீர்கள் அல்லவா? மான் இருந்தால் புல் இருக்கிறது. புல் இருந்தால் தண்ணீர் இருக்கிறது. இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் புலி இருக்கும். புலி உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை, இருந்தால் போதும்" என்றார். சூழலியல் பாடத்தில் உணவுச் சங்கிலி என்று பத்துப் பக்கம் படித்ததை அவர் ஐந்து வரியில் சொல்லிவிட்டார்.

பின்னர் அவர் குனிந்து, காட்டுத் தரையைக் கையால் விலக்கிக் காட்டினார். மேலே காய்ந்த சருகு. அதன்கீழ் மக்கிய சருகு. அதற்கும் கீழே, பிழிந்தால் நீர் சொட்டும் கரிய மண். இலைக்கூரை மழையின் வேகத்தைத் தணிக்கிறது; சருகு அதை ஓடவிடாமல் தாங்குகிறது; மண் உறிஞ்சி வைத்து, மழையில்லா நாள்களில் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகிறது. சுருளியில் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

அந்தக் காட்டில் நாங்கள் கேட்ட மற்றொரு செய்தியும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஒரு காலத்தில் வயணப்பட்டை எனப்படும் காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள் சிலர் இருந்தனர். 1990களின் பிற்பகுதியில் வனத்துறையினர் அவர்களை அழைத்துப் பேசி, வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றினர். காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர்களைவிடச் சிறந்த காவலர் யார்? மன்னான், பளியர் பழங்குடி மக்களும் இப்பணியில் பங்கு பெறுகின்றனர். வேலிக்கம்பி மட்டும் காட்டைக் காப்பதில்லை. அருகில் வாழும் மக்களின் வயிறும் நிறைய வேண்டும்.

எங்கள் மலையின் இடம்

திரும்பும் வழியில் பேராசிரியர் நிலப்படத்தை விரித்தார். தெற்கே பெரியாறு காப்பகம். வடக்கே, போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறைப் பக்கம், மதிகெட்டான் சோலை. உள்ளே போனவர் மதி மயங்கி வழி தவறுவர் என்பதால் அப்பெயர் வந்தது என்பார்கள். ஏலம் பயிரிட அங்கே ஆக்கிரமித்திருந்தவர்களைக் கேரள அரசு 2002இல் வெளியேற்றி, 2003இல் அதைத் தேசியப் பூங்காவாக்கியது. பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர்தான். ஒரு புலி உலவுவதற்கே போதாத இடம். எனில் அங்குள்ள விலங்குகள் எப்படிப் பிழைக்கும்? பெரியாற்றுக்கும் அதற்கும் இடையே மலைமுகட்டில் ஒரு வழித்தடம் இருக்க வேண்டும். பேராசிரியரின் விரல் அந்தத் தடத்தின் மேல் மெல்ல நகர்ந்து, எங்கள் ஊர் மலையில் நின்றது.

பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்கள் நியூட்ரினோ என்பார்கள். மலையைக் குடைந்து, ஒரு கிலோமீட்டர் பாறைக்கு அடியில் அமையவிருந்த ஆய்வுக்கூடத்திற்கு 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அம்மலை பெரியாறு–மதிகெட்டான் புலி வழித்தடத்தில் உள்ளது என்று கூறி, 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. ஊரில் இதுபற்றி இருவேறு கருத்துகள் உண்டு. படித்த பிள்ளைகளுக்கு வேலை வரும் என்று எண்ணியவர்களும், மேய்ச்சலும் கிணறும் போய்விடும் என்று அஞ்சியவர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். அறிவியல் படிக்கும் எனக்கு அந்த ஆய்வின் பெருமையும் தெரிகிறது. இங்கே தீர்ப்புக் கூற நான் வரவில்லை. என் வருத்தம் வேறு. ஊரே அதைப் பற்றிப் பேசிய நாள்களில், அந்த மலை எதற்கு வழி என்று சொல்லத் தெரிந்தவன் எங்கள் வீட்டில் ஒருவனும் இல்லை. நானும் வாய்மூடி நின்றேன்.

வீட்டில் தாயார், "என்னடா பார்த்தே?" என்று கேட்டார். யானை பார்த்தேன் என்றேன். "நான் தோட்டத்திலே ஆனை வாடை வந்தாலே ஒதுங்கிப் போயிருவேன், நீ காசு குடுத்துப் பார்த்துட்டு வந்தியா?" என்று சிரித்தார். பிறகு நான் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். லோயர் கேம்பிலிருந்து வரும் 18ஆம் கால்வாயைத் திறக்கும் ஆண்டுகளில் உத்தமபாளையம், போடி வட்டங்களின் கண்மாய்கள் நிறைகின்றன. கண்மாய் நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்றெடுக்கிறது. அந்த நீரின் பிறப்பிடம் நான் கையால் தொட்ட அந்தக் கரிய மண். தாயார் சிறிது நேரம் பேசவில்லை. "நெழல் மரத்தை வெட்டுனா ஏலச்செடி கருகிப் போகும்னு எங்களுக்குத் தெரியும். ஊருக்கும் அப்படித்தான்னு சொல்றே" என்றார். நான் மூன்று நாளில் கற்றதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

நண்பர்களே! சுருளிக்கும் தேக்கடிக்கும் மேகமலைக்கும் நாம் அனைவரும் செல்வோம், செல்ல வேண்டும். ஆனால் பாலித்தீன் பையை வீசிவிட்டு வருவதற்காக அன்று. நம் மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் நாம், பெரும்பாலும் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாளை நம் மலையைப் பற்றி யாரேனும் கேட்டால், நம் பெற்றோர் அனுபவத்தால் அறிந்ததையும் நாம் ஏட்டால் அறிந்ததையும் சேர்த்து எடுத்துச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. அதற்கு முதற்படியாக, வரும் விடுமுறையில் எங்கள் ஊர் மலையடிவாரத்து மரங்களின் பெயர்களைத் தந்தையாரிடம் கேட்டு எழுதத் தொடங்குகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் தொடங்குவீர்களா?